பாண்டியன் எக்ஸ்பிரஸா, செல்லூர் மாடியா? சிரிக்கவைக்க நினைக்கும் பெண் எங்கே தொடங்குவது

போன மாதம் சித்தி மகள் வீட்டுக்கு வந்தாள். கல்லூரியில் கடைசி வருடம். துறைத்தலைவர் நடந்து வருவதை அவர் முன்னாலேயே நடித்துக் காட்டி, திட்டும் வாங்கி, பரிசும் வாங்கியவள். செருப்பைக் கழற்றுவதற்குள், "அக்கா, மெட்ராஸ் போகவா, இங்கேயே இருக்கவா? ஒரே வார்த்தையில சொல்லுக்கா" என்றாள். காமெடி நடிகையாக வேண்டும், தன் காட்சிகளைத் தானே எழுத வேண்டும், பின்னால் ஒருநாள் தானே தயாரிக்கவும் வேண்டும். ஆசை கொஞ்சமாக இல்லை.

ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. பட்டிமன்றத்தில் பேசுகிறேன், நகைச்சுவைக் காட்சிகள் எழுதுகிறேன், மதுரை செல்லூரில் ஒரு மொட்டை மாடியை வைத்துக்கொண்டு சின்னதாக ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறேன். அதற்கு முன்னால் சென்னையில் 14 மாதம் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பியவள். அந்த அனுபவத்தை வைத்து அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய நடிகை பேசுவதாக நினைத்துப் படிக்க வேண்டாம்.

முதலில் சென்னை. போவது எளிது. ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியும்போது எழும்பூர். தங்குவதில்தான் கணக்கு உதைக்கும். நான் சாலிகிராமத்தில் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தேன். ஒரு அறைக்கு நான்கு பேர். வாடகை, சாப்பாடு, ஆட்டோ, ஆடிஷனுக்கென்று வாங்கிய இரண்டு நல்ல சுடிதார் என்று மாதம் 15,000 ரூபாய்க்குக் குறையாமல் போனது. அந்த 14 மாதத்தில் நான் கேமரா முன்னால் நின்றது 9 நாள். அதிலும் இரண்டு நாள் கல்யாண வீட்டுக் கூட்டத்தில் பந்திக்குக் காத்திருந்தேன்.

சரி, வாய்ப்பு கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். என்ன வேடம்? ஹீரோயினுக்குத் தோழி, அல்லது காமெடியனை விளக்குமாற்றால் துரத்தும் மனைவி. கொஞ்சம் சதை போட்டிருந்தால் உடம்பே ஜோக். நிறம் கம்மியென்றால் நிறம் ஜோக். வசனம் யாரோ எழுதியது, சிரிப்பு ஹீரோவுக்கு, அடி உனக்கு. இதையெல்லாம் தாண்டியவர்கள் உண்டு. கோவை சரளாவை 1983இல் முந்தானை முடிச்சில் பார்த்த தலைமுறையும், வடிவேலுவோடு அவர் மல்லுக்கு நிற்பதைப் பார்த்த தலைமுறையும் வேறு வேறு. இரண்டையும் சிரிக்கவைத்தார். அடிக்கக் கையை ஓங்கிவிட்டு அரை விநாடி நிறுத்துவார் பாருங்கள், சிரிப்பு அங்கேதான் வரும். ஆனால் ஒரு தலைமுறைக்கு அப்படி எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை போதும்.

ஆச்சி மனோரமாவைச் சொல்லுவார்கள். அவர் நம் பக்கத்து ஊர்க்காரர்தான். பிறந்தது மன்னார்குடி, வளர்ந்தது காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூர். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தார். 1958இல் மாலையிட்ட மங்கையில் திரைக்கு வரும்போதே நாடக மேடையில் ஆடிப் பாடிப் பேசித் தேறியிருந்தார். அவர் கையில் ஒரு தொழில் இருந்தது. நான் எழும்பூரில் இறங்கியபோது என் கையில் ஆறு போட்டோதான் இருந்தது.

இந்த வழியில் இறங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். 'கோஆர்டினேட்டர்' என்று சொல்லிக்கொண்டு, கார்டு எடுக்கணும், போர்ட்ஃபோலியோ போடணும், முன்பணம் கட்டு என்று வருகிறவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வேலை கொடுப்பவர்தான் பணம் தருவார், வாங்க மாட்டார். இன்னொன்று, பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் படப்பிடிப்புத் தளத்துக்கும் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சின்ன இடமென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் தரலாம். ஒப்பந்தம் பேசும்போதே, "உங்க கமிட்டியில யார் இருக்காங்க?" என்று சாதாரணமாகக் கேட்டு வையுங்கள். கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுகிறதா என்பதையும் பாருங்கள்.

இரண்டாவது, டிவி காமெடி நிகழ்ச்சி. அதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வேகமாக முகம் தெரிந்துவிடும், அது உண்மை. சிவகார்த்திகேயன் கலக்கப்போவது யாரு மேடையிலிருந்து வந்தவர் என்பது ஊருக்கே தெரியும். பட்டிமன்றத்தில் பேசிக்கொண்டிருந்த அறந்தாங்கி நிஷாவைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனதும் அதே மேடைதான். வாரா வாரம் புதிதாக எழுதித் தர வேண்டும் என்ற நெருக்கடி எழுத்துக்கு நல்லது. ஆனால் அடுத்த முறை அந்த மாதிரி நிகழ்ச்சி பார்க்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். மேடையில் சேலை கட்டியிருக்கும் பெண்கள் எத்தனை பேர், சேலை கட்டியிருக்கும் ஆண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பொண்டாட்டி வேடம் வந்தால் ஒரு பெண்ணைக் கூப்பிடுவதைவிட ஒரு ஆணுக்கு விக் வைப்பது அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. அப்புறம், அங்கே நீங்கள் எழுதுவது பெரும்பாலும் சேனலுக்குப் போய்விடும். கையெழுத்துப் போடும் தாளைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

மூன்றாவது, மேடை. சித்தி மகள் இதை ஒரு வழியாகவே நினைத்திருக்கவில்லை. "நாடகமா? கிழவிங்க பாக்குறதுக்கா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. சிரிக்கவைக்கும் வேலையை மதுரை மாதிரிக் கற்றுக்கொடுக்கும் ஊர் வேறு இல்லை என்பது என் எண்ணம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது இங்கேதான். இன்றைக்கும் சுற்றுவட்டாரக் கிராமத் திருவிழாக்களில் அவருடைய வள்ளி திருமணம் ஸ்பெஷல் நாடகமாக நடக்கிறது. முருகன் வேடக்காரர் ஒரு ஊர், வள்ளி இன்னொரு ஊர், நாரதர் வேறெங்கோ. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. ராத்திரி மேடைக்குப் பின்னால் பவுடர் போடும்போதுதான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், விடியும்வரை நடிப்பார்கள். கதை தொடங்குவதற்கு முன்னால் பபூனும் டான்ஸ் நடிகையும் காமிக் பண்ணுவார்கள். நம் ஆட்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

ஒரு பங்குனி ராத்திரி, மேலூருக்கு உள்ளே ஒரு கிராமம். நாடகச் செலவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பிரித்திருந்தார்கள். டான்ஸ் நடிகைக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பபூனோடு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த ஒருவர், நல்ல போதை, எழுந்து நின்று, "ஏ இந்தா, பேசுனது போதும், ஆடு" என்று கத்தினார். பபூன் ஒரு நொடி தடுமாறினார். அந்த அம்மா தடுமாறவில்லை, பதிலும் சொல்லவில்லை. மெதுவாக ஹார்மோனியக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஏண்ணே, இந்த ஊர்ல நாடகத்துக்கு எத்தனை தலைக்கட்டு வரி?"

"முந்நூறும்மா."

"எல்லா வரியும் வந்துருச்சா?"

மிருதங்கக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தொப்பென்று ஒரே ஒரு தட்டு. அந்த அம்மா இப்போதுதான் அந்த ஆளைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கிழவி, "அவன் எங்கத்தா குடுத்தான்!" என்று கத்த, ஊரே சிரித்து அடங்க இரண்டு நிமிடம் ஆனது. அவர் துண்டை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவரைத் திட்டியிருந்தால் ஊர் அவர் பக்கம் சேர்ந்திருக்கும். வரியைக் கேட்டதால் ஊர் மேடைப் பக்கம் வந்துவிட்டது. ஜோக்கின் கடைசி வரியை அந்த அம்மா கூட்டத்துக்கென்று விட்டுவைத்தார். இதை எந்த நடிப்புப் பட்டறையிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதற்காக ஸ்பெஷல் நாடகத்தில் போய்ச் சேர் என்று அவளிடம் சொல்லவில்லை. அந்த நடிகைகள் ராத்திரி முழுக்க நின்று ஆடிவிட்டு விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு ரோட்டில் காத்திருக்கிறார்கள். மேடையில் கைதட்டிய ஊரே பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார யோசிக்கும். பரம்பரையாக அதை நம்பி இருக்கும் குடும்பங்கள் நிறைய. இரண்டு சீசன் பழகிப் பார்க்கலாம் என்று போய் அவர்கள் தேதியில் கைவைப்பது நியாயமில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பத்து ராத்திரி பாயில் உட்கார்ந்து பார், அதுவே போதும் என்றேன். உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும், பத்து ராத்திரி லேசில்லை.

அவள் ஏறக்கூடிய மேடை பட்டிமன்றம். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. "காமெடி பண்ணப் போறேன்" என்றால் முகத்தைச் சுளிக்கும் அப்பாக்கள், "பட்டிமன்றத்துல பேசப் போறேன்" என்றால் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து இறக்கிவிடுவார்கள். தமிழ் என்ற போர்வைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கவைக்கலாம். அமெரிக்கன் கல்லூரிப் பேராசிரியர் சாலமன் பாப்பையா அந்த மேடைக்குக் கொடுத்த மரியாதை அது. பதினைந்து நிமிடம், கையில் மைக் மட்டும். சிரிப்பு வரவில்லையென்றால் முதல் வரிசையில் தலைவர் கைப்பேசியை எடுத்துவிடுவார், உடனே தெரிந்துவிடும். எனக்கு முதல் மேடையில் 1,500 ரூபாயும் ஒரு பொன்னாடையும் தந்தார்கள். இப்போது பணம் கொஞ்சம் கூடியிருக்கிறது. பொன்னாடை 17 சேர்ந்துவிட்டது, என்ன செய்வதென்று தெரியவில்லை, இரண்டை ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறேன்.

குறையும் உண்டு. மாமியார் மருமகள் ஜோக்கில் மாட்டிக்கொண்டால் பத்து வருடம் அதிலேயே ஓடிவிடும். மைக்குக்குப் பின்னால் நின்று நின்று உடம்பு மறந்துபோகும். நடிகைக்கு அது நஷ்டம். வாட்ஸ்அப்பில் வந்த ஜோக்கைச் சொந்தமாகச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டால் எழுத்தும் போச்சு.

நான்காவது, சொந்தச் சேனல். செல்லூர் மாடியில் நாங்கள் முதல் காட்சி எடுத்த நாளைச் சொல்கிறேன். ஐந்து பேர், இரண்டு கைப்பேசி, சட்டையில் குத்தும் மைக் ஒன்று. கணவன் சம்பளத்தை ஒளித்துவைத்த இடத்தைத் தேடும் காட்சி, ஒரு முழு நிமிடம் வசனமே இல்லை. எடுத்து முடித்துக் கேட்டால், கீழே இருக்கும் தறிச் சத்தம் தடக் தடக்கென்று முழுவதும் பதிந்திருக்கிறது. தறிக்காரரிடம் போய்க் கெஞ்சினேன். "சோத்துக்கு ஒண்ணேகாலுக்கு நிறுத்துவோம், ரெண்டு மணிக்கு ஓட்டிருவோம், அதுக்குள்ள என்னமும் பண்ணிக்கங்க" என்றார். அன்றிலிருந்து எங்கள் படப்பிடிப்பு நேரம் ஒன்றேகால் முதல் இரண்டு. முக்கால் மணி நேரத்தில் முடியும்படி எழுதக் கற்றுக்கொண்டேன். மூன்று பக்கம் தாண்டக் கூடாது, இடம் மாறக் கூடாது. தயாரிப்பு என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்த மாடியில்தான். எந்த நேரத்துக்கு யார் வர வேண்டும், ஆறு பரோட்டாவா பத்தா, மழை வந்தால் என்ன என்று முதல் நாளே யோசித்து வைப்பது தயாரிப்பாளர் வேலை. பணம் போடுவது அதில் ஒரு பகுதி.

வருமானம்? யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் என்றால் 90 நாளில் 1 கோடி பார்வை. நீள வீடியோவில் வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் நமக்கு, ஷார்ட்ஸில் நமக்கு ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதம். எங்களுக்கு 4,000 மணி நேரம் சேர ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, பழைய மணி நேரம் பின்னால் கழன்றுகொண்டே வரும். அதனால் கையில் காசு வருவது பெரும்பாலும் உள்ளூர்க் கடைகளிடமிருந்துதான். பிரியாணிக் கடை, பட்டு ஜவுளி, பல் டாக்டர். பல் டாக்டருக்கு ஜோக் எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும்.

இந்த வழியில்தான் நான் பட்ட அடியும் இருக்கிறது. சொந்தமாகத் தொடங்குவதற்கு முன்னால் வேறொரு சேனலுக்கு இரண்டு வருடம் எழுதினேன், நடித்தேன். 43 காட்சிகள். சம்பளம் என்று கிடையாது, "வரும்போது பிரிச்சுக்கலாம்". தாளில் எதுவும் இல்லை. ஓட ஆரம்பித்ததும் பேச்சு மாறியது. மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் அவர்கள் கையில். நான் வெளியே வந்தபோது என் முகம் அங்கேயே இருந்தது, பேர் எங்கேயும் இல்லை.

பின்னால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை. முன்னாலேயே தெரிந்திருந்தால் ஒரு மாலை நேரத்து வேலைதான். எழுத்தை எழுத்தாளர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால்தான் அதன் உரிமை வேறொருவருக்குப் போகும். சம்பளத்துக்கு வேலை செய்து எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு, அது முதலாளிக்குப் போய்விடும். ஒப்பந்தத்தில் காலம் எழுதவில்லையென்றால் ஐந்து வருடம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லையென்றால் இந்தியாவுக்கு மட்டும். ஆனால் எடுத்த வீடியோவுக்கு உரிமையாளர் தயாரித்தவர்தான். ஆக, 43 காட்சிகளின் எழுத்து என்னுடையது, வீடியோ அவர்களுடையது. அதே காட்சிகளை நான் மறுபடி எடுக்கலாம். எடுத்தால் காப்பியடித்தேன் என்று கமெண்ட் வரும், அது வேறு விஷயம். பதிப்புரிமை அலுவலகத்தில் ஒரு எழுத்தைப் பதிவு செய்யக் கட்டணம் 500 ரூபாய். பதிவு கட்டாயமில்லை, ஆனால் சண்டை வந்தால் கையில் ஒரு தாள் இருக்கும். சினிமாவுக்குக் கதை கொண்டுபோகிறவர்கள் சென்னையில் எழுத்தாளர் சங்கத்திலும் பதிந்துகொள்கிறார்கள். 2012இல் வந்த திருத்தத்தின்படி, படத்துக்கு எழுதியவர் திரையரங்கத்துக்கு வெளியே வரும் பயன்பாட்டுக்கான ராயல்டி உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது.

உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டவர் ஒருவரைச் சொல்கிறேன். அமெரிக்காவில் லூசில் பால் என்று ஒரு காமெடி நடிகை. 1951இல் டிவி தொடர் தொடங்கியபோது, நியூயார்க்கிலிருந்து நேரலையாகச் செய்யச் சொன்னார்கள். அவரும் கணவரும் ஹாலிவுட்டிலேயே பிலிமில் எடுக்கிறோம் என்றார்கள். செலவு கூடுகிறது என்று அலுத்துக்கொண்டவர்களிடம், எங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறோம், அந்த பிலிம் எங்கள் கம்பெனிக்குச் சொந்தம் என்று எழுதி வாங்கினார்கள். மறுஒளிபரப்பு என்று ஒரு பிழைப்பு இருப்பதே அன்றைக்குப் பலருக்குத் தெரியாது. அந்த பிலிம் டப்பாக்களை விற்ற பணம் கைக்கு வர, 1957இல் ஒரு பழைய ஸ்டூடியோவையே வாங்கினார்கள். 1962இல் கணவரின் பங்கையும் வாங்கி அவரே தலைமைக்கு வந்தார். நம் டி.ஏ.மதுரமும் என்.எஸ்.கிருஷ்ணனும்கூடத் தங்கள் நகைச்சுவைப் பகுதியைத் தங்கள் குழுவை வைத்து எழுதி, தாங்களே அமைத்துக்கொண்டவர்கள்தான். அமெரிக்க நடிகை இஸ்ஸா ரே 2011இல் யூடியூபில் தன் தொடரைப் போட்டு, நடுவில் பணம் தீர்ந்ததும் பார்வையாளர்களிடமே திரட்டி முடித்தார். ஐந்து வருடம் கழித்து எச்பிஓ டிவி சேனலில் தன் தொடரை எழுதி, நடித்து, தயாரிப்பாளராகவும் இருந்தார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப மெட்ராஸ் வேணாங்கிற" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசையை மாற்றச் சொன்னேன். நான் சென்னையை முதலில் வைத்தேன், காசும் போச்சு, எழுத வேண்டிய வயதில் 14 மாதமும் போச்சு. அவளுக்கு இரண்டு வருடம் மதுரை. மாதம் ஒரு பட்டிமன்ற மேடை, பங்குனி சித்திரையில் பாயில் உட்காரும் பத்து ராத்திரி, மாடியில் பதினைந்து நாளுக்கு ஒரு காட்சி. டிவி கூப்பிட்டால் போகலாம், ஒரு சுற்றோடு திரும்பிவிட வேண்டும். சேனலின் மின்னஞ்சல் அவள் பேரில் இருக்க வேண்டும், கூட எடுப்பவர்களோடு ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், தோழிகளாக இருந்தாலும், தோழிகளாக இருப்பதால் இன்னும் கட்டாயமாக. அப்புறம் சென்னைக்குப் போகலாம், ஆனால் முழுதாக எழுதின ஒரு கதையோடு. நடிக்கக் கேட்டுப் போகிறவளை நிற்கவைத்துப் பார்ப்பார்கள். கதை சொல்லப் போகிறவளுக்கு ஒரு நாற்காலியாவது போடுவார்கள், நான் இரண்டு விதமாகவும் போய்ப் பார்த்துவிட்டேன்.

வீட்டில் கையில் காசில்லாதவளுக்கு இந்த இரண்டு வருடமும் கனவுதான் என்பது எனக்குத் தெரியும். அவளுக்குப் பகுதி நேரமாக ஒரு வேலை வேண்டும். சித்தியிடம் பேசி, ஒரு டியூஷன் சென்டரில் சாயங்கால வகுப்பு பார்த்துக்கொடுத்திருக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். மாட்டுத்தாவணியில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட மணப்பெண். நான் படிக்கப் படிக்க எதிரில் உட்கார்ந்து ஒரு பென்சிலால் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். முடித்ததும் என்னடி அது என்று கேட்டேன்.

"நீ சிரிச்ச இடம். மொத்தம் ரெண்டுதான்க்கா" என்றாள். நாலாவது பக்கத்தைக் கிழித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மாடியில் ஒன்றேகாலுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டாள்.